பொருள்: ‘ஹேக் அண்ட் ஸ்லாஷ்’ வீடியோ கேம் வகைக்குத் தமிழ்ப் பெயர் – வெட்டுக்குத்து வேண்டாமே

> ‘வெட்டுக்குத்து விளையாட்டு’ என்றே வைத்துவிடலாம். கேட்டதும் புரிகிறது.

அண்ணாச்சி, புரிகிறது, ஆனால் வேறொன்று புரிகிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் தொங்கும் மாலைப் பேப்பர்தான் நினைவுக்கு வருகிறது.

எதிரிகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டே போகும் ஆட்டம்தான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, பெயர் வெட்டைச் சொல்கிறது, ருசியோ வெட்டில் இல்லை. 2000-இல் வந்த டயாப்லோ 2 கேமை ஆடியவர்களைக் கேளுங்கள். ஒரே குகைக்குள் நூறாவது தடவை நுழைவது அரக்கன்மேல் உள்ள கோபத்திலா? அவன் விழுந்ததும் ஆல்ட் பட்டனை அழுத்தி, தரையில் அவன் விட்டுப்போன பொருளின் பெயர் என்ன நிறம் என்று பார்க்கத்தான். வெள்ளை என்றால் சாதா. நீலம் என்றால் மந்திரம் ஏறியது. பொன்னிறம் என்றால் அன்று தூக்கம் போச்சு. மோதிரம் விழுந்தால் ‘டிங்’ என்று தனிச் சத்தம். அதற்காக எத்தனை ராத்திரி விழித்திருக்கிறேன்!

இதே முகத்தைக் குளச்சல் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களின் கை கயிற்றில், கண் வலையின் மடியில். ஒருநாள் நெத்திலி, ஒருநாள் வெறும் சொறி (ஜெல்லிமீன்). வந்ததை மீன்பாடு என்பார்கள். கேமில் இப்படி விழும் பொருளை லூட் என்பார்கள், அதற்குக் ‘கொள்ளை’ என்று போட்டால் நாம் திருடர்கள் ஆகிவிடுவோம். ‘பாடு’ என்றால் கிடைத்ததும் அதுதான், அதற்காகப் பட்டதும் அதுதான். ஆகவே இந்த வகைக்கு ‘வெட்டுப்பாட்டு ஆட்டம்’ என்பது என் கட்சி.

---

தம்பி, ‘பாடு’ அருமை, எடுத்துக்கொண்டேன். ஆனால் வெட்டுப்பாட்டு என்றால் பாட்டுக் கச்சேரி என்று நினைப்பான். அப்புறம், 2001-இல் வந்த டெவில் மே க்ரை கேமையும் ஹேக் அண்ட் ஸ்லாஷ் என்றுதானே சொல்கிறார்கள்? அதை யாரும் விழும் பொருளுக்காக ஆடுவதில்லை, எல்லாம் கைவேகம்தான். அதை எங்கே கொண்டு வைப்பீர்?

---

சரி அண்ணாச்சி, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். பொதுப்பெயர் ‘வெட்டடி’ என்று இருக்கட்டும். நம்ம ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையின் ‘அடி’யும் அதில் வந்துவிடுகிறது. டயாப்லோ வகைக்கு மட்டும் ‘பாடு வெட்டடி’. அதை ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங்’ என்கிறார்களே என்று பாத்திரமேற்பு, அதிரடி எல்லாவற்றையும் ஒட்டினால் ரயில் மாதிரி நீளும், எவனும் சொல்ல மாட்டான்.

பாடு வந்துவிட்டது, போட்டு வைக்க ஏனம் வேண்டாமா? கேமில் நம் பொருள்களை வைத்திருக்கும் இன்வென்டரிக்குக் ‘கடவம்’ (ஓலைப்பெட்டி) என்று போடலாமா? மீன் விற்கும் அக்காமார் தலையில் இருப்பதும் அதுதானே. அதுவும் சீக்கிரம் நிறைந்துவிடும்.