உலோக நிலைப்படி: மாட்டுவதற்கு ஏன் இத்தனை பாடு?

கதவோரம் எழுதியது:
தகடு வளைக்கும் பட்டறையில் வரைபடம் போடுகிறவன் நான். வெளிக்கதவுக்கு அடியில் வைக்கிற உலோக நிலைப்படி ஒன்றை வடிவமைத்தேன். 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, ஒரே துண்டு, 120 மி.மீ. அகலம், வெளிப்பக்கம் 25 மி.மீ. கீழே மடிந்து இறங்கும், உள்பக்கம் 10 மி.மீ. மேலே மடிந்து நிற்கும், மேல்முகத்தில் ஐந்து ஸ்க்ரூ ஓட்டை. திரையில் பார்க்க அம்சமாக இருந்தது. மாட்டப் போன இடத்தில் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். வாசலின் அகலம் வெளிப்பக்கம் 904 மி.மீ., உள்பக்கம் 899. தரையின் நடுவில் 4 மி.மீ. மேடு, படியை வைத்தால் இரண்டு பக்கமும் சீசா பலகை மாதிரி ஆடுகிறது. ட்ரில் பிட் ஜல்லியில் பட்டு 2 மி.மீ. தள்ளிப் போனது, அப்புறம் கவுண்டர்சிங்க் ஸ்க்ரூவை முறுக்க முறுக்க அதன் கூம்புத் தலை படியையே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நிலைக்காலில் இடித்தது.

அடுத்த வடிவத்தை இரண்டு துண்டாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். கீழே நீள ஓட்டைகள் உள்ள அலுமினிய ரயில் (தண்டவாளம் மாதிரி ஒரு நீளப் பட்டை), அதைத் தரையில் எப்படியாவது உட்கார வைத்துவிட்டு, மேலே மூடித் தகட்டை 'டக்' என்று அழுத்தி மாட்டிவிடுவது. ஸ்க்ரூ வெளியே தெரியாது, ஒரு ஆள் போதும். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:
தம்பி, 'டக்' என்று மாட்டுகிற எதுவும் ஒருநாள் 'டொக்' என்று சத்தம் போடும். வாசலில் மணல் வராத வீடு எங்கே இருக்கிறது? மூடிக்கும் ரயிலுக்கும் நடுவே நாலு மணல் துகள் போய் உட்கார்ந்தால் போதும், கால் வைக்கும்போதெல்லாம் நறநற. நான் முப்பது வருஷமாகக் கதவு மாட்டுகிறேன். படி தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், அடியில் வெற்றிடம் இருந்தால் காலிப் பெட்டியை மிதித்த ஓசைதான் வரும். ரயிலும் வேண்டாம் ஓட்டையும் வேண்டாம். அடியில் பசையைத் தாராளமாகத் தடவி, ரசமட்டம் வைத்து அழுத்தி, மேலே நாலு செங்கல்லை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்.

எண்பிடி எழுதியது:
சத்தத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி, பசையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழாயில் வருகிற, வேறெதையும் கலக்கத் தேவையில்லாத ஒற்றைப் பசைகள் காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதுவும் ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சுமார் 2, 3 மி.மீ. என்ற வேகத்தில். மேலே ஸ்டெயின்லெஸ், ஈரம் நுழைய வழியில்லை. 120 மி.மீ. படிக்கு அடியில் முழுக்கத் தடவினால் நடுப்பகுதி ஓரத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கிறது, உள்ளே போகப் போக வேகமும் குறையும், ஒரு மாதம் கழித்துப் பெயர்த்தால்கூட நடுவில் பற்பசை மாதிரி இருக்கும். தடவத்தான் வேண்டும் என்றால் இடைவெளி விட்டுக் கோடு கோடாக இழுக்க வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும்.

கதவோரத்துக்கு ஒரு கேள்வி. உங்கள் படியில் ஓட்டை விட்டம் என்ன? தரையில் போட்ட பிளக் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் அடிக்கிற பிளாஸ்டிக் உறை) என்ன அளவு?

கதவோரம் எழுதியது:
ஓட்டை 5.5, பிளக் 8.

எண்பிடி எழுதியது:
அப்படியானால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி அங்கேதான் போயிருக்கிறது. படியை வைத்து, பென்சிலால் குறித்து, படியை எடுத்து, ட்ரில் போட்டு, தூசியை ஊதி, பிளக் அடித்து, படியைத் திரும்ப வைத்துப் பார்த்தால் ஐந்தில் இரண்டு ஓட்டை நேராக இருக்காது, இல்லையா? ஓட்டையை 8.5 ஆக்கிவிட்டுக் கழுத்து நீண்ட பிளக் வாங்குங்கள். மட்டம் பார்த்து வைத்த படியை எடுக்காமலே அதன் ஓட்டை வழியாகத் துளை போட்டு, பிளக்கையும் அதே வழியாக அடித்து இறக்கிவிடலாம். பிட் தள்ளிப் போவதும் குறையும், தகடே பிட்டுக்கு வழிகாட்டி.

நீள ஓட்டை வைத்தால் அதில் கவுண்டர்சிங்க் தலை உட்காராது, கூம்பு எங்காவது ஒரு ஓரத்தில் ஏறி நிற்கும், தட்டைத் தலையும் வாஷரும் தேவைப்படும், அது காலில் தட்டும். "வெயிலில் உலோகம் நீளும், அதனால் நீள ஓட்டை அவசியம்" என்று யாராவது வருவதற்கு முன்னால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 900 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி சூடு ஏறினால் 0.8 மி.மீ. நீளும், ஸ்டெயின்லெஸ் 0.6, கான்கிரீட் தரையே 0.4 நீளும். ஒற்றைக் கதவுக்கு அந்த வித்தியாசத்தைச் சாதாரண ஓட்டையின் தளர்ச்சியே தாங்கிக்கொள்ளும். மூன்று மீட்டர் தள்ளுகதவு என்றால் பேச்சு வேறு.

உளிச்சத்தம் எழுதியது:
கணக்கு நல்ல கணக்கு. ஆனால் கல்லுடைக்கிற பிட்டை ஸ்டெயின்லெஸ் ஓட்டை வழியாக விட்டால் ஆடி ஆடி ஓட்டை விளிம்பைக் கடித்துவிடும் தம்பி, நான் பார்த்திருக்கிறேன். ட்ரில் மிஷினில் இருக்கிற சுத்தியல் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்கி, 10 மி.மீ. இறங்கின பிறகு போட வேண்டும். பசை விஷயத்தில் நீ சொன்னதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, ஆனால் ஒரு படியைப் பெயர்த்தபோது நடுவில் பிசுபிசு என்று இருந்தது ஞாபகம் இருக்கிறது. மட்டமான சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வந்தேன்.

ஈரச்சுவர் எழுதியது:
மாட்டுவது சுலபமா கஷ்டமா என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேல்முகம் தட்டையாக இருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே நிற்கும், ஐந்து ஓட்டையும் ஐந்து வடிகால். சிலிக்கானை வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள், அது எத்தனை நாளைக்கு? ரயில்-மூடி யோசனை அதைவிட மோசம். உள்ளே கூடு மாதிரி இடம் இருக்கிறது, தண்ணீர் நுழைய வழி உண்டு, வெளியேற வழியில்லை. அதுவும் அலுமினியம். ஈர சிமெண்ட் கடுங்காரம், பி.எச். 12-க்கு மேல், பூச்சு இல்லாத அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். என் வீட்டு வாசலில் படிக்குக் கீழே கசிந்த தண்ணீர், உள்ளே மூன்று பலகை தள்ளித் தரையை உப்ப வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படியும் "பத்து நிமிடத்தில் மாட்டலாம்" என்ற ரகம்தான்.

மேல்முகத்தை வெளிப்பக்கமாக 3 டிகிரி சாய்க்க வேண்டும், 120 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. சொச்சம் இறங்கும். முன் மடிப்பின் நுனியை இன்னும் 5 மி.மீ. வெளியே விரித்துவிட்டால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டி விழும். இதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் சுலபத்தைப் பேசலாம்.

நாலுசக்கரம் எழுதியது:
நான் சக்கர நாற்காலியில் போகிறவன், ஆகவே எனக்குப் படி என்றால் உயரம். ரயில், அதன் மேல் மூடி, அதன் மேல் மடிப்பு என்று போனால் எங்கே போய் நிற்கும்? அமெரிக்காவின் ஏ.டி.ஏ. (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) விதியில் வாசற்படி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது 13 மி.மீ. அளவு. அதிலும் கால் அங்குலம்வரைதான் செங்குத்தாக நிற்கலாம், மீதியை 1-க்கு 2 சரிவாக (1 உயரத்துக்கு 2 நீளம்) சீவ வேண்டும். விதி எந்த நாட்டுடையது என்பதை விடுங்கள், முன்சக்கரம் சின்னது, அது செங்குத்து விளிம்பில் முட்டினால் உடம்பு முன்னால் போகும், நாற்காலி அங்கேயே நிற்கும். ஈரச்சுவர் சொல்கிற 3 டிகிரி எனக்கு ஒரு பொருட்டே இல்லை, கிட்டத்தட்ட 1-க்கு 19. அந்த 10 மி.மீ. உள்மடிப்புதான் பயமாக இருக்கிறது.

ஈரச்சுவர் எழுதியது:
அந்த மடிப்பை எடுத்தால் காற்றோடு வருகிற மழை நேராக உள்ளே வரும். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

நாலுசக்கரம் எழுதியது:
எடுக்கச் சொல்லவில்லை. உள்பக்கத் தரையின் மேல்பூச்சு அதற்குச் சமமாக ஏறி வரட்டும், மடிப்பு தரைக்குள் புதைந்துவிடும். புது வீட்டில் முடியும். பழைய வீட்டில் மடிப்பை 6 மி.மீ.-க்குக் குறைத்துவிட்டுக் கதவின் ரப்பரை நல்லதாகப் போடுங்கள்.

ஈரச்சுவர் எழுதியது:
6 எனக்குத் திருப்தி இல்லை. இருந்தாலும் கதவுக்கு மேலே மழைமறைப்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

கதவோரம் எழுதியது:
ரயில்-மூடியைக் கைவிட்டேன், திட்டியவர்களுக்கு நன்றி. புது வடிவம் திரும்பவும் ஒற்றைத் தகடுதான், 3 டிகிரி சாய்வோடு. இருந்த ஐந்து ஓட்டையில் இரண்டுதான் மிச்சம். அந்த இரண்டும் கதவின் ரப்பர் படுகிற கோட்டுக்கு உள்பக்கம், அதாவது நனையாத பக்கம். எண்பிடி சொன்ன 8.5 அளவு.

நீளம் பெரிய பிரச்சினை. வாசலை அளந்து அந்த அளவுக்கே வெட்டியதால்தான் போன தடவை கிரைண்டரை எடுக்க வேண்டி வந்தது. இப்போது நடுத்துண்டு வாசலைவிட 14 மி.மீ. குறைவு. இரண்டு முனைக்கும் நிலைக்காலைச் சுற்றி வருகிற தனித் தகட்டுத் துண்டு, அதைக் காது என்கிறேன். காது நடுத்துண்டின் மேல் 20 மி.மீ. ஏறி உட்காரும், முன்னும் பின்னும் நகர்த்தலாம். 904-ஆக இருந்தால் என்ன, 899-ஆக இருந்தால் என்ன, காது சரிக்கட்டிவிடும்.

மேடு பள்ளத்துக்கு நான்கு மூலையிலும் அடியில் எம்6 (6 மி.மீ. மரை) நட்டு வெல்டிங் வைத்து, தலையில்லாத ஸ்க்ரூ விடலாம் என்று பார்க்கிறேன். ஆலன் சாவியால் (அறுகோணச் சாவி) திருகித் தூக்கலாம், இறக்கலாம்.

உளிச்சத்தம் எழுதியது:
நாலு எதற்கு? நாலு காலும் தரையில் படுகிற மேஜையை நான் இதுவரை பார்த்ததில்லை, ஒரு காலுக்கு அட்டை மடித்து வைக்காமல். முக்காலி ஆடாது. முன்னால் இரண்டு முனையில் ஒவ்வொன்று, பின்னால் நடுவில் ஒன்று. முன் இரண்டைத் திருகி நீளவாக்கில் மட்டம் பிடி, பின் ஒன்றைத் திருகிச் சாய்வு பிடி. ஒன்று மற்றதைக் கெடுக்காது.

எண்பிடி எழுதியது:
அண்ணன் சொன்னது கச்சிதம். ஆனால் மூன்று புள்ளியில் நின்றுகொண்டே படி வேலை செய்யக் கூடாது. பாரம் ஏற்றிய தள்ளுவண்டி ஏறினால் 2 மி.மீ. தகடு அமுங்கும். தடிமனை 3 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், உங்கள் முதுகும் அந்த எடையை உணரும். அதைவிட, மட்டம் பிடித்த பிறகு முன்பக்கத்திலிருந்து சுருங்காத சிமெண்ட் கலவையை உள்ளே திணித்துவிடுங்கள். ஸ்க்ரூ தற்காலிகம், தாங்குவது கலவை.

ஈரச்சுவர் எழுதியது:
ஸ்க்ரூ வந்தால் ஓட்டையும் வருமே? இரண்டாகக் குறைத்தது திரும்ப ஐந்தாகிவிட்டது. கணக்கு எனக்கும் தெரியும்.

கதவோரம் எழுதியது:
முன் இரண்டும் காதுக்கு அடியில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். மட்டம் பிடித்த பிறகு பியூட்டைல் நாடா (தண்ணீர் புகாத, பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி மேலே காதை உட்கார வைத்தால் மூடிவிடும். பின் ஒன்று ரப்பர் கோட்டுக்கு உள்பக்கம். வெளியே நனைகிற முகத்தில் திறந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

ஈரச்சுவர் எழுதியது:
காது நடுத்துண்டின் மேலே ஏறுவதால் ஓடு அடுக்கின மாதிரி இருக்கும், அது சரி. நாடா எவ்வளவு நாள் என்பதுதான் என் சந்தேகம்.

கதவோரம் எழுதியது:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். மாதிரி செய்து அதே வாசலில் மாட்டியாகிவிட்டது. நான் ஒருவன்தான், நாற்பது நிமிடம், அதில் பழைய ஓட்டைகளை அடைத்தது பத்து நிமிடம். மட்டம் பிடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வலது காது நிலைக்காலில் 1 மி.மீ. இடைவெளி விட்டது, அங்கே மட்டும் சீலன்ட்.

ஒன்று சறுக்கியது. கதவைச் சாத்தினால் அடி உரசுகிறது, பூட்டுப் பக்கம். நல்லவேளை கலவை போடவில்லை. எம்6 மரையில் ஒரு சுற்று 1 மி.மீ., அந்தப் பக்கக் காதைத் தூக்கிவிட்டு முன் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கினேன், விட்டுவிட்டது. நாடா மட்டும் வீண், புதிதாக ஒட்ட வேண்டியதாயிற்று.

உளிச்சத்தம் எழுதியது:
கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் காதை ஒட்ட வேண்டும். படத்திலேயே எழுதி வை, மாட்ட வருகிறவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அப்புறம் கலவை திணிப்பதற்குள் எவனாவது மிதிப்பான், குறுக்கே ஒரு நாற்காலியைப் போடு.

ஈரச்சுவர் எழுதியது:
தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்றா?

கதவோரம் எழுதியது:
இரண்டு வாளி. உள்ளே காகிதம் விரித்து வைத்திருந்தேன், நடுவில் நனையவில்லை. இடது காதுக்குப் பக்கத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு ஈரம். நாடா வழியாக வந்ததா, நிலைக்கால் மரத்தின் விரிசல் வழியாக வந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு விரிசலை அடைத்துவிட்டுத் திரும்ப ஊற்றுகிறேன்.

ஈரச்சுவர் எழுதியது:
இரண்டையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடாதீர்கள். ஒன்று அடைத்து, ஊற்றி, பார்த்துவிட்டு மற்றது.