புதுப்பிப்பு: 4,294,967,297 பகா எண் இல்லை!

2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் இந்த எண் பகா எண்தானா என்று போன வாரம் கேட்டிருந்தேன். 3, 7, 11, 13 எதுவும் வகுக்கவில்லையே என்றாள் மகள்.

இல்லை. 641 × 6,700,417. கணித மேதை ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைத்துக் காட்டினார்.

சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து டோபி காட் போகும் எம்ஆர்டி ரயிலில் நானே போட்டுப் பார்த்தேன். இதன் பகாக் காரணி எதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படியானால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, பிறகு 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! (இறங்க வேண்டிய நிலையத்தைத்தான் விட்டுவிட்டேன்.)

"அப்பா, 6,700,417ஐயும் உடைக்க முடியுமா?" என்கிறாள் இப்போது. முடியாதும்மா, அது பகா எண். இதே சல்லடையை அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 2,588 வரை ஓட்டினால் போதும், நீயே பார்த்துவிடலாம்.