இரண்டு வருஷம் தாண்டினால் சிகிச்சை கிடையாதா?

செல்வி (மெரிபேங்க், டர்பன்): தம்பிக்கு வேலையில் தோள்பட்டைத் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆச்சு. இன்னும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியலை. சட்டை போட அம்மாதான் கைகொடுக்கணும். இப்போ பிசியோவுக்குப் போனா, "வேலை விபத்து இழப்பீட்டுக் கிளைம் இரண்டு வருஷம் தாண்டிடுச்சு, இனி கைக்காசுதான்"ங்கிறாங்க. இது என்ன நியாயம்?

நடராஜ்: சம்பளக் கணக்கு பார்க்கிறவன் நான். தென்னாப்பிரிக்காவோட 1993-ஆம் வருஷ வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டம், 73-ஆம் பிரிவு: விபத்து நாளிலிருந்து அதிகபட்சம் இரண்டு வருஷ மருத்துவச் செலவு. முதலாளிகள் வருஷாவருஷம் கட்டுற பணத்தில்தான் இழப்பீட்டு நிதி ஓடுது. வரம்பு இல்லைன்னா எப்படிம்மா?

செல்வி: அண்ணா, அதே பிரிவில் அடுத்ததையும் படிங்க. மேற்கொண்டு சிகிச்சை பார்த்தா ஊனம் குறையும்னு தொழிலாளர் துறை டைரக்டர் ஜெனரல் கருதினா, இரண்டு வருஷத்துக்கு மேலும் செலவைக் கொடுக்கலாம். முதலாளி மேல நஷ்டஈடு வழக்குப் போடுற உரிமையை 35-ஆம் பிரிவு எடுத்துடுச்சு. கோர்ட்டும் இல்லை, வைத்தியமும் இல்லைன்னா அவன் எங்கே போவான்?

நடராஜ்: "கொடுக்கலாம்"னுதான் இருக்கு, கட்டாயம் இல்லை. நிலைமை சீராயிடுச்சுன்னு டாக்டரே கடைசி ரிப்போர்ட் எழுதியிருந்தா இழப்பீட்டு ஆபீஸ் என்ன செய்யும்? வலிக்குதுன்னு சொன்னா மட்டும் போதாது.

செல்வி: ஏழு நாளில் விபத்தைத் தெரிவிக்க வேண்டிய கம்பெனி மாசக்கணக்கா இழுத்தது. கிளைம் நம்பர் இல்லாம எந்த டாக்டரும் தொடலை. அந்த மாசமெல்லாம் இரண்டு வருஷத்துக்குள்ளேயே கழிஞ்சுபோச்சு. தாமதம் அவங்களோடது, வலி இவனோடது!

குமார் (பீனிக்ஸ், டர்பன்): யூனியனில் இந்தக் கேஸ்களைத்தான் பார்க்கிறேன். செல்விக்கா, கவுன்டரில் வாயால் சொன்னதோடு திரும்பி வராதீங்க. மறுப்பை எழுத்தில் கேளுங்க. 91-ஆம் பிரிவுப்படி, முடிவு வந்து 180 நாளுக்குள் ஆட்சேபணை போடணும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் புது ரிப்போர்ட் வாங்குங்க: கை இப்போ எவ்வளவு உயருது, என்ன சிகிச்சை, எத்தனை மாசம், அதனால் என்ன குறையும். "பிசியோ தொடரவும்"னு ஒற்றை வரி எழுதினா தள்ளிடுவாங்க. சில துறைகளுக்கு இழப்பீடு கொடுக்கிற தனிச் சங்கங்கள் இருக்கு: கட்டுமான வேலைன்னா ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவல், சுரங்கம்னா ராண்ட் மியூச்சுவல், அங்கேதான் கேட்கணும்.

நடராஜ்: இதை ஒத்துக்கிறேன். ஆனா ரிப்போர்ட்டில் ஊனம் குறையும்னு தெளிவா இல்லைன்னா, மறுத்தது சரின்னுதான் சொல்வேன்.

செல்வி: அதை டாக்டர் சொல்லட்டும் அண்ணா, காலண்டர் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை எழுத்தில் கேட்கப் போறேன். குமார், கம்பெனி தாமதிச்ச தேதிகளையும் ஆட்சேபணையில் சேர்க்கலாமா?

குமார்: கட்டாயம் சேருங்க. ஈமெயில், எஸ்எம்எஸ் எல்லாத்துக்கும் நகல் வையுங்க.