துருப்பிடித்த பழைய சவரக் கத்தி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கரூரான்:
தாத்தாவின் மடக்குக் கத்தி. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் முத்திரை, கறுப்புக் கொம்புப் பிடி. டிரங்குப் பெட்டியில் பல மழைக்காலம் கிடந்ததில் முதுகை ஒட்டிச் செந்துரு, நடுவில் கறுப்புப் புள்ளிகள். வெட்டும் வாய்ப்பக்கம் மட்டும் நல்லவேளையாகத் தப்பியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு பாலிஷ் பட்டறை உண்டு. "துருவை மட்டும் கையால் எடுங்கள், மெஷினில் வைக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். சரி என்று தலையாட்டியவர், நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருவதற்குள் பஃப் சக்கரத்தில் வைத்துவிட்டார்.

அந்த நொடிதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நுனியில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது. அது பழுப்பாகி, ஊதாவாகி, "அண்ணே, நிறுத்துங்க" என்று நான் கத்தி முடிப்பதற்குள் மயில்கழுத்து நீலமாகிவிட்டது. அவர் திருப்பிக் காட்டி, "பாத்தீங்களா, எப்படிப் பளபளக்குது" என்றார். பளபளத்தது உண்மைதான், ஆனால் சக்கரத்தின் சூட்டில் நுனியில் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது. கல்லில் தீட்டினால் கூர் வருகிறது. பாதிக் கன்னம் தாண்டுவதற்குள் அந்த அரை அங்குலம் மட்டும் மழுங்கி முடியை இழுக்கிறது. தாத்தா மீசை ஓரம் எடுத்தது அந்த நுனியால்தான். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ரைன்கரை:
நான் இருப்பது கொலோனில், சோலிங்கன் ரயிலில் அரை மணிக்குள். இங்கே பழம்பொருள் சந்தைகளில் கத்திகள் நிறையக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கத்திப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். குப்பென்று கற்பூர வாசனை. ஜெர்மனியில், ஒரு கிழவர் விரித்திருந்த ஜமுக்காளத்தில்! தந்த நிறப் பிடி உள்ள கத்தியை விரித்தால், மடக்கும்போது பிடிக்குள் போகும் பகுதி முழுக்கக் குழிகுழியாக அரித்திருந்தது. பிடிக்கு வெளியே நிற்கும் வால் புதிதாகவே இருந்தது. பக்கத்தில் கிடந்த கொம்புப் பிடிக் கத்தியும் அந்தப் பக்கமாகவே கறுத்திருந்தது. "ஈரம்" என்றார் அவர். ஈரம் இப்படி அளவெடுத்துப் பிடிக்காது.

அது தந்தமில்லை, செல்லுலாய்டு என்கிற பழைய கால பிளாஸ்டிக். அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். பழசாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும், காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். கத்தியை எவ்வளவு தேய்த்தாலும், பிடியை மாற்றாதவரை துரு திரும்ப வரும். நான் வாங்கவில்லை. இப்போதும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மோந்துதான் பார்க்கிறேன்.

வைகைப்புறம்:
இதற்கெல்லாம் பட்டறை எதற்கு? மாமா வீட்டுப் பரணில் கிடந்த கத்தியை எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் சாறு கறுத்துக் கிடந்தது, துருவுக்கு அடியிலிருந்து எழுத்து எழுந்து வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி "ஷெஃபீல்டு" என்று படித்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது சீமைக் கத்தி என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரியும். கத்தி சாம்பல் நிறமாகிவிட்டது, அதனால் என்ன?

சலூன்காரர் மகன்:
வைகைப்புறம், அந்தச் சாம்பல் நிறம் அமிலம் எஃகைத் தின்ற தடம். அமிலத்துக்குத் துரு வேறு, எஃகு வேறு என்று தெரியாது. இந்தக் கத்திகள் இரண்டு பக்கமும் குழித்துச் சாணை பிடித்தவை, வாய்ப்பக்கம் காகிதக் கனம்தான் இருக்கும். அங்கே ராத்திரி முழுக்க ஊறினால் என்ன மிஞ்சும்? தங்க முலாமில் எழுத்து இருந்திருந்தால் அதற்கும் ஆபத்து.

என் கதை சின்னது. எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு எங்கள் கடையில் பாதி பிளேடு செருகும் கத்தி வந்தது. அப்பா பழையவற்றைத் துணியில் சுற்றி மேலே போட்டார். பிறகு பிரித்தபோது துணி ஒட்டிக்கொண்டு வந்தது, ஊடும் பாவும் அப்படியே எஃகில் அச்சாகியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

இனி துரு எடுக்க நினைப்பவர்கள் கேளுங்கள். முதலில் எண்ணெய் பூசி ஒரு நாள் விடுங்கள். மேலாக இருக்கும் செந்துரு துணிக்கே வந்துவிடும். அடுத்து பிராசோ, ஆட்டோசால் மாதிரி உலோகப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். நைசான 2000 நம்பரில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் சொரசொரப்பு கூடுகிற 1000, 600 என்று கீழே இறங்கி, திரும்ப அதே வரிசையில் மேலே ஏறுங்கள். கத்தியைத் தட்டையான மரப்பலகையில் படுக்கவைத்து, முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகிற மாதிரிதான் தேய்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் தேய்த்தால் விரல் போகும். மெல்லிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள், விரிசல் விழும். கறுப்புப் புள்ளி, சாம்பல் கறை இரண்டையும் விட்டுவிடுங்கள். அவை சவரத்தைக் கெடுப்பதில்லை. குழி வாய்வரை வந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், தீட்டத் தீட்ட அந்த இடம் பொரிந்து உதிரும்.

கரூரான், நீலத்தைத் தேய்த்து எடுக்கலாம், பதம் அதனால் திரும்பாது. எஃகு நீலமாவது 300 டிகிரி வாக்கில். சவரக் கத்திக்கு அது மிக அதிகம். திரும்பக் காய்ச்சிப் பதம் வைப்பதென்றால் பிடியைக் கழற்ற வேண்டும், கத்தி வளையலாம். நான் செய்யமாட்டேன்.

உப்புக்காற்று:
எல்லாரும் துருவை எடுப்பதையே பேசுகிறீர்கள். அது எப்படி வருகிறது என்று பாருங்கள். நாகப்பட்டினத்தில் எங்கள் வீடு. அண்ணன் படிகாரம் தேய்த்த ஈரக் கையோடு கத்தியை மடித்து வைத்தார். அடுத்த நாள் விரித்தால் அவருடைய பெருவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்த மாதிரி, கறுப்பாக எஃகில் பதிந்திருக்கிறது. படிகார நீர் அமிலத்தன்மை உள்ளது. சவரத்தின்போது கன்னத்தை வழுக்காமல் இழுத்துப் பிடிக்கப் பலர் அதை விரலில் தடவிக்கொள்கிறார்கள், அந்தக் கை கத்தியில் படவே கூடாது. எண்ணெய் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, சலூன்காரர் மகன். எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெயைத்தான் பூசுவார்கள். அது காறிப்போனால் அதிலும் அமிலம் ஏறும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள்.

கரூரான்:
பதம் வைக்கக் கொடுக்கப்போவதில்லை. மீதி இரண்டரை அங்குலம் இப்போதும் அருமையாகச் சவரம் செய்கிறது, மீசை ஓரத்துக்கு வேறு கத்தி வைத்துக்கொள்கிறேன். வால் பக்கம் சக்கரம் படவில்லை, அங்கே இன்னும் செந்துரு இருக்கிறது. 2000 பேப்பர் பெயின்ட் கடையில் கிடைத்துவிட்டது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கவா, எண்ணெய் தொட்டா?

சலூன்காரர் மகன்:
எண்ணெய். உப்புக்காற்று சொன்ன அதே தையல் மெஷின் எண்ணெய். கொம்புப் பிடியில் பேப்பர் படாமல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.