சொந்தங்களுக்கு நடுவே விளம்பரம்

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை:

நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் நகைக்கடை விளம்பரமாக வந்தாலும் எங்கள் வீட்டில் எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆடி மாதத்தில் தள்ளுபடி விவரத்தைத்தான் முதலில் படிக்கிறோம். ஆனால், துபாயில் இருக்கும் மகள் பேரனின் படங்களை இடும் சமூக ஊடகத்தில், இரண்டு படங்களுக்கு நடுவே வீட்டுமனை விளம்பரம் வந்துவிட்டால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அங்கே நான் போவது என் பிள்ளைகளைப் பார்க்க என்பதே காரணமாக இருக்கலாம்.

அதைவிட நெருடியது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புடவைக் கடையின் விளம்பரத்தின் மேல், என் அண்ணி அந்தக் கடையை விரும்பியிருப்பதாக அவர் பெயருடன் ஒரு வரி இருந்தது. புடவை விஷயத்தில் அண்ணியின் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் மறுப்பே கிடையாது என்பதால், உடனே தொலைபேசியில், "அண்ணி, அங்கே சுங்குடி நன்றாக இருக்குமா?" என்று கேட்டேன். "அந்தக் கடை வாசலைக்கூட நான் மிதித்ததில்லையே, எங்கள் தெருப் பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள், அவளுக்காக லைக் போட்டேன்" என்று சிரித்தார். அந்தப் பெண்ணிடம் காட்டிய பரிவு, அண்ணிக்கே தெரியாமல் கடைக்குச் சிபாரிசாகியிருந்தது.

இப்படி நட்பைச் சிபாரிசாக்கும் முறையை ஃபேஸ்புக் 2011இல் 'ஸ்பான்சர்டு ஸ்டோரீஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. தங்கள் பெயரையும் படத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கலிபோர்னியாவில் பயனர்கள் தொடுத்த வழக்கு 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்து, 2013இல் நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. மறு ஆண்டு அந்த விளம்பர வகையே நிறுத்தப்பட்டது. தாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012இல் விளக்கி எழுதிய வாட்ஸ்அப்பிலும், 'ஸ்டேட்டஸ்' பகுதிக்கு விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். தனிப்பட்ட உரையாடல்களுக்குள் அது நுழையாதாம். பல குடும்பங்களில் குழந்தைகளின் படம் முதலில் வருவதே ஸ்டேட்டஸில்தான் என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் 2023 முதல் மாதக் கட்டணம் செலுத்தினால் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் விளம்பரமின்றிப் பார்க்கலாம். அந்த வசதி இங்கே வந்தாலும் நான் பணம் கட்டப் போவதில்லை, விலகப் போவதும் இல்லை.

காரைக்குடியிலிருந்து, பலகாரத் தொழில் செய்பவர்:

டீச்சர் அம்மா சொல்வதை மறுபக்கத்திலிருந்து பார்ப்பவள் நான். வீட்டில் செய்யும் முறுக்குக்கும் சீப்புச் சீடைக்கும் பணம் கட்டி விளம்பரம் செய்கிறேன். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. பளபளப்பான படமும் விலையுமாகப் போட்ட விளம்பரங்களை யாரும் நின்று பார்க்கவில்லை. என் மாமியார் திண்ணையில் அமர்ந்து முறுக்குப் பிழியும் காணொளியை, கைப்பேசியில் எடுத்தபடியே விளம்பரமாக்கியபோது, முன்பின் அறியாதவர்கள் "அப்பத்தா நலமா?" என்று விசாரித்து எழுதினார்கள், ஆர்டரும் வந்தது. அதன் மேல், பணம் கட்டிய விளம்பரம் என்பதைக் காட்டும் 'ஸ்பான்சர்டு' என்ற சொல் இருந்ததை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. உறவைத் தேடி வருபவர்களிடம் உறவின் முகத்தைக் காட்டி விற்கிறேனோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆயினும் வரும் தீபாவளிக்கு அதே காணொளியைத்தான் போடுவதாக இருக்கிறேன், மாமியாரும் சம்மதித்துவிட்டார்.