மறு: ‘மைனர் லீக்’ – ‘நாற்றங்கால் லீக்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

1988இல் வந்த ‘புல் டர்ஹாம்’ என்ற அமெரிக்க பேஸ்பால் படத்துக்குச் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு (இனி ‘மேல் லீக்’) ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் கீழ் லீக்குகள்தான் ‘மைனர் லீக்’. அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். நேற்று இங்கே வந்த மூன்று யோசனைகளையும் வசனத்தில் பொருத்திப் பார்த்தேன்.

‘மைனர் லீக்’ என்றே விட்டால், தமிழில் மைனர் என்பவர் கழுத்தில் செயின் போட்டுத் திரிகிறவர். காதல் படத்தில் அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். ‘சிறு லீக்’ என்றால் சிறுவர் ஆட்டம் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் சிறுவர்களுக்கென்று லிட்டில் லீக் தனியாகவே இருக்கிறது. ‘இரண்டாம் தர லீக்’ எனக்கு மனசே வரவில்லை. அந்த ஆட்டக்காரர்களை அது மட்டம் தட்டுகிறது. போதாததற்கு, இருப்பது ஒரே ஒரு படியும் அல்ல. டிரிபிள்-ஏ, டபுள்-ஏ என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். கதையில் டர்ஹாம் புல்ஸ் அணி கீழ்ப்படிகளில் ஒன்றான கரோலினா லீக்கில் ஆடுகிறது.

என் பரிந்துரை ‘நாற்றங்கால் லீக்’. 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, சிறிய ஊர் அணிகளை வாங்கி, தனக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை அங்கேயே வளர்த்தெடுத்தார். அமெரிக்கர்கள் அதைப் பண்ணை என்கிறார்கள். நமக்குப் ‘பண்ணை அணி’ என்றால் கோழிப் பண்ணைதான் நினைவுக்கு வரும். ஓரிடத்தில் விதைத்து, வளர்ந்ததும் பறித்து வேறு வயலில் நடுவதற்கு நம்மிடம் இருக்கும் சொல் நாற்றங்கால்.

“கிராஷ் டேவிஸ் வயதானவன், அவனை எப்படி நாற்று என்பது?” என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு இந்தச் சொல்லை உறுதி செய்தவனே கிராஷ்தான். கெவின் காஸ்ட்னர் நடித்த அந்த கேட்சர் (எறியும் பந்தைப் பிடிப்பவன்), பன்னிரண்டு வருடம் கீழ் லீக்குகளில் ஆடியவன். மேல் லீக்கில் இருந்தது வெறும் 21 நாள். இப்போது நூக் என்ற இளம் பிட்சரை, அதாவது பந்து எறிபவனை, தேற்றுவதற்காக டிரிபிள்-ஏவிலிருந்து கீழே அனுப்பப்படுகிறான். நாற்று முற்றிவிட்டால் நட்டாலும் தூர் கட்டாது என்று விவசாயிகள் சொல்வார்கள். கிராஷ் அப்படி முற்றிய நாற்று; நூக் பறிக்கும் பக்குவத்தை நெருங்குகிறவன். பருவத்துக்கு ஓர் ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்துக் காதலிக்கும் ஆனி இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறாள். இயக்குநர் ரான் ஷெல்டனே பால்டிமோர் ஓரியோல்ஸின் நாற்றங்கால் அணிகளில் ஆடி, டிரிபிள்-ஏ வரை போனவர். மேல் லீக்கில் ஆடவில்லை. கிராஷின் ஏக்கம் அவ்வளவு உண்மையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அணியைக் குறிக்க ‘நாற்றங்கால் அணி’ என்று எழுதலாம். லீக்கை மாற்ற வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

மேல் லீக்கை அவர்கள் பேச்சில் ‘தி ஷோ’ என்பார்கள். அதில் முதன்முறை ஆடுவதை ‘அரங்கேற்றம்’ எனலாம், அழகாகவே பொருந்துகிறது. அங்கிருந்து அழைப்பு வருவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘மேலே போய்விட்டான்’ என்றால் நம்மிடம் இறந்துவிட்டான் என்று ஆகிவிடும். ‘நடவு’ சரிப்படுமா? வசனத்தில் நான்கைந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. யோசனை இருந்தால் எழுதுங்கள்.