அய்வலிக்: நவம்பரில் போனால்தான் ஊரைப் பார்க்கலாம்

துருக்கியின் கடலோர ஊர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் போனால்தான் உண்டு, அப்புறம் போனால் எல்லாம் பூட்டிக் கிடக்கும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏஜியன் கடற்கரையில் இருக்கும் அய்வலிக் விஷயத்தில் இது பொருந்தாது. கடலில் குளிக்க வருகிற கூட்டம் கிளம்பிப் போன பிறகுதான் அந்த ஊருக்குச் சொந்த வேலையே ஆரம்பிக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அங்கே ஆலிவ் பறிப்பு. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோப்புகள். ஊருக்குள்ளே பழைய எண்ணெய் ஆலைகளின் செங்கல் புகைபோக்கிகள், ஒரு காலத்தில் சோப்பு காய்ச்சிய கட்டடங்கள். கோடையில் வருகிறவர்கள் இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதெல்லாம் எதற்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பறிப்புக் காலத்தில்தான் போக வேண்டும்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா என்னிடம் வந்திருந்த சமயம், இருவருமாக நவம்பரில் கிளம்பினோம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) அந்த நாடுகளில் வசிக்கும் அனுமதியோ இருந்தால் துருக்கியின் இ-விசா இணையத்திலேயே கிடைக்கிறது. விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்மீர் வரை விமானம், அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் பஸ். பெர்காமாவுக்குத் திரும்பும் சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் சாம்பல் கலந்த பச்சையில் ஆலிவ் மரங்கள்தான். சாலையோரம் சாக்கு மூட்டைகளும் டிராக்டர்களும் நின்றன. அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தங்கியது மக்கரோன் என்கிற பழைய குடியிருப்பில், ஒரு கல் வீட்டில். அய்வலிக்கின் பழைய வீடுகள் பக்கத்தில் உள்ள சரிம்சாக்லி பகுதியில் வெட்டிய இளஞ்சிவப்புக் கல்லால் கட்டியவை. வாசலுக்கு மேலே செதுக்கு வேலை, உயரமான கதவு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. பார்க்க அழகு, ஆனால் குளிர்காலத்தில் அந்தக் கல்லும் உயரமான கூரையும் சூட்டைத் தங்கவே விடாது. சுவரில் இருந்த ஏசியை வெப்பத்துக்கு மாற்றி இரவெல்லாம் ஓடவிட்டும் அறை சூடாகவில்லை. வீட்டுக்கார அம்மா மறுநாள் இரண்டு கனத்த கம்பளிகளையும் ஒரு ஹீட்டரையும் கொண்டு வந்து போட்டார். அறை பிடிக்கும் முன்பே “எதனால் சூடாக்குவீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். படத்தில் கூரை எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள்.

அந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மொட்டை மாடியில் டீ குடிக்கும்போது எதிரே கடலுக்கு அப்பால் தெரிந்த மலையைக் காட்டி, “என் தாத்தா அங்கே பிறந்தார்” என்றார். அது கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு. 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அய்வலிக் அதற்கு முன் ஏறக்குறைய முழுக்கக் கிரேக்கர்கள் வாழ்ந்த ஊர். அவர்கள் விட்டுப் போன வீடுகளில் லெஸ்வோஸிலிருந்தும் கிரீட்டிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். மணிக்கூண்டு வைத்த மசூதி ஒன்று இருக்கிறது, சாத்லி ஜாமி. அது முன்பு தேவாலயம். உள்ளே போனால் தூண்களும் வளைவுகளும் உடனே சொல்லிவிடும்.

“வெயில் காலத்தில் கிரேக்கத்திலிருந்து வயதானவர்கள் வந்து தெருத் தெருவாகத் தங்கள் தாத்தா வீட்டைத் தேடுவார்கள். எங்கள் வாசலிலும் ஒருமுறை ஒரு குடும்பம் நின்றது. உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா சமையலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்” என்றார் வீட்டுக்கார அம்மா. இதை எல்லாம் மொபைலில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டுதான் பேசினோம். கோடையில் அவருக்கு இதைச் சொல்ல நேரமே இருந்திருக்காது. எல்லா அறையும் நிரம்பியிருக்கும். அன்று நாங்கள் இரண்டு பேர்தான் விருந்தாளிகள்.

வியாழக்கிழமைச் சந்தையைத் தவறவிடாதீர்கள். ஊர்ச் சந்துகளில் நீளமாகப் பரவியிருக்கும். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கீரை கொண்டுவந்து தரையில் பரப்பியிருப்பார்கள். இலையுதிர்கால மழை விழுந்த பிறகுதான் இந்தக் காட்டுக் கீரைகள் முளைக்கும். கோடையில் வந்தால் இதில் பாதி கிடைக்காது. கிரீட்டிலிருந்து வந்தவர்கள் கீரை தின்னும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். காட்டு முள்ளங்கியின் இலை, தொட்டால் அரிக்கும் காஞ்சொறி, வட்ட இலையுள்ள எபெகுமெஜி, அப்புறம் நூல் நூலாக ஒன்று. ஒரு பாட்டி அதைக் கிள்ளி அம்மாவின் மூக்கருகே நீட்டினார். அசல் சோம்பு வாசனை.

அதன் பிறகு அந்த இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. பாட்டி கையை வைத்துக் காட்டினார்: கொதிக்கிற தண்ணீரில் போடு, எடு, பிழி, ஆலிவ் எண்ணெய் ஊற்று, எலுமிச்சை. அம்மா பதிலுக்குப் பூண்டைத் தட்டுவது போலக் காட்டினார். பாட்டி பலமாகத் தலையாட்டினார். காஞ்சொறியைக் கையில் எடுக்கப்போன அம்மாவின் விரலைத் தட்டிவிட்டு, தானே பையில் அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். எடை போட்டதற்கு மேல் ஒரு கை கூடுதலாக. அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மாவின் அடுப்பில் அந்தக் கீரை வெந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படவே வேண்டாம்: அங்கே ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகளே ஒரு தனிப் பிரிவு. கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), பீன்ஸ், வெங்காய வகையான லீக் என்று எல்லாம் அதில் வரும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் இதுதான் நல்ல காலம். துருக்கியில் பெரிய வலைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் கடைசி வரை தடை. நம் ஊர்க் கிழக்குக் கடற்கரையிலும் தடைக்காலம் அதே ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. அங்கே இன்னும் நீளம், அவ்வளவுதான்.

தோப்புக்குப் போனது திட்டமிட்டது அல்ல. ஊருக்குத் தெற்கே நடக்கப் போனபோது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் மரத்தடியில் வலை விரித்திருந்தது. நின்று பார்த்தோம். “கோலாய் கெல்சின்” என்று எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன், வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். உடனே உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்கள். ஆண்கள் இருவர் நீளமான கம்பின் முனையில் விரல்கள் மாதிரி அசைகிற பேட்டரிக் கருவியால் உச்சிக் கிளைகளை உலுக்கினார்கள். பெண்கள் சின்னப் பிளாஸ்டிக் சீப்பால் தாழ்ந்த கிளைகளைக் கோதினார்கள். பச்சை, ஊதா, கறுப்பு என்று எல்லா நிறத்திலும் காய்கள் சடசடவென்று வலையில் விழுந்தன. கழியால் அடிக்கக் கூடாதா என்று கேட்டேன். பெரியவர் ஒரு இளங்கொம்பைப் பிடித்துக் காட்டினார். இந்த வருஷம் விட்ட கொம்பில்தான் அடுத்த வருஷக் காய்; அடித்தால் அது ஒடிந்துவிடும். எப்படியும் ஆலிவ் ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் குறைவாகத்தான் காய்க்கும், அதில் அடித்தும் கெடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்றார்.

அம்மாவுக்கு முட்டி வலி. கீழே உட்கார்ந்து வலையில் விழுந்த இலைகளையும் குச்சிகளையும் பொறுக்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் தெய்ஸே (சித்தி) என்று ஒரு பெண் தடுத்துப் பார்த்தாள், அம்மா கேட்கவில்லை. நான் சீப்பை வாங்கிக் கோதினேன். கொஞ்ச நேரத்திலேயே தோள் இறுகிப்போனது. அவர்கள் காலையிலிருந்து அதைச் செய்துகொண்டிருந்தார்கள், பொழுது சாயும் வரை செய்வார்கள். கோடையில் கடற்கரை உணவகத்தில் வேலை பார்க்கும் பையனும் அதில் இருந்தான். மதியம் குச்சிகளை மூட்டி டீ போட்டார்கள். ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, போன வருஷம் ஊறப்போட்ட ஆலிவ், பச்சை வெங்காயம். இரண்டு கிளாஸ் எங்கள் பக்கம் நகர்ந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

“ராத்திரி ஆலைக்கு வாருங்கள்” என்று பெரியவர் சொன்னதால்தான் அந்த ஊரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்தைப் பார்த்தேன். பறிப்புக் காலத்தில் ஆலைகள் ராத்திரியும் ஓடுகின்றன. பறித்த காயை வைத்திருந்தால் சூடேறிக் கெடும், அதனால் அன்றன்றைக்கே அரைக்க வேண்டும். வாசலில் டிராக்டர்களும் பின்புறம் தாழ்ந்துபோன பழைய கார்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொருவரும் தங்கள் காய் தனியாக அரைபடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். காற்றில் இலை பறக்க, தண்ணீரில் கழுவி, கொட்டையோடு நொறுக்கி, பெரிய தொட்டியில் மெதுவாகப் பிசைகிறார்கள். அந்தக் கூழின் சூடு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்ணெய் கூடுதலாக இறங்கும், ஆனால் மணம் போய்விடும். கடைசியில் வேகமாகச் சுழலும் இயந்திரம் எண்ணெயையும் சக்கையையும் பிரிக்கிறது. சக்கை வீணாவதில்லை. காய வைத்துக் கொதிகலனுக்கும் அடுப்புக்கும் எரிபொருளாகப் போகிறது. ஊரில் சாயங்காலம் மூக்கில் ஏறும் அந்தப் புகையில் அதுவும் இருக்கிறது.

குழாயின் வாயிலிருந்து எண்ணெய் இறங்கியபோது பேச்சு நின்றது. இலைப்பச்சை, கலங்கல், கண்ணாடி மாதிரி தெளிவே கிடையாது. ஆலைக்காரர் அடுப்பின் மேல் ரொட்டித் துண்டுகளைச் சுட்டு, அந்த எண்ணெயில் தோய்த்து முதலில் காயின் சொந்தக்காரருக்கும் அடுத்து எங்களுக்கும் கொடுத்தார். நறுக்கிய புல்லின் வாசனை, நாக்கில் கசப்பு, விழுங்கின பிறகு தொண்டையில் மிளகு போல ஒரு காரம். அம்மாவுக்கு இருமல் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். இருமல் வந்தால் நல்ல எண்ணெய் என்று அர்த்தமாம். சீசன் ஆரம்பத்தில் பச்சைக் காயாகப் பறித்தால் ஒரு லிட்டருக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ வரை காய் வேண்டும், நன்றாகப் பழுத்த பிறகு ஐந்து கிலோ போதும். முதல் எண்ணெய் ஏன் விலை அதிகம் என்று கடையில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அங்கே பதில் கிடைத்தது. பெரியவர் ஆலைக்கூலியை எண்ணெயாகவே அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தகர டின்களில் ஏற்றிக்கொண்டு போனார்.

மற்றவை சுருக்கமாக. பாலத்தின் வழியே போகிற ஜுந்தா தீவில் கடற்கரை உணவகங்களில் பாதிக்குமேல் மூடியிருந்தன. 1873-ல் கட்டிய தக்ஸியார்ஹிஸ் தேவாலயம் இப்போது அருங்காட்சியகம், அது திறந்திருந்தது. நிதானமாகப் பார்க்க முடிந்தது. மேலே காற்றாலை நிற்கும் மேட்டுக்கு ஏறினால் தீவுகள் எல்லாம் தெரியும். சாத்தான் மேசை என்று அழைக்கப்படும் ஷெய்தான் சோஃப்ரசி குன்றில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கோடையில் கார் நிறுத்த இடம் கிடைக்காதாம். நாங்கள் போனபோது ஒரு காதல் ஜோடியும் சில நாய்களும்தான். ஆனால் காற்று ஆளைத் தள்ளுகிறது, காதை மூட ஏதாவது எடுத்துப் போங்கள். தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுகள் ஓடாது; கரையில் ஏற்றிவைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். லெஸ்வோஸ் கப்பலும் இந்த மாதங்களில் குறைவு, தெற்கிலிருந்து லோதோஸ் காற்று அடித்தால் அதுவும் நின்றுவிடும்.

இன்னொன்று: துருக்கி 2016-லிருந்து வருஷம் முழுக்கக் கோடைக்கால நேரத்தையே வைத்திருக்கிறது. நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் நவம்பரில் அய்வலிக்கில் விடிய எட்டு மணி ஆகிறது. காலை ஆறரைக்கு எழுந்து வெளியே போனால் கும்மிருட்டு. அதற்குத் தகுந்த மாதிரி நாளைத் திட்டமிடுங்கள். சாயங்கால வெளிச்சம் ஆறு மணி வரைக்கும் நிற்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டாம் என்பேன். மழை பலம், பறிப்பும் முடியும் தறுவாயில் இருக்கும் அல்லது முடிந்தே போயிருக்கும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான் சரியான காலம். தங்குமிடத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இணையதளம் திறந்திருக்கும், வீடு பூட்டியிருக்கும். எண்ணெய் வாங்கினால் பறித்த தேதி எழுதிய தகர டின்னாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும், அதனால் நிறமில்லாத கண்ணாடி பாட்டில் வேண்டாம். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நடுவில் ஸ்வெட்டரைச் சுற்றி வைத்தோம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.